தூரமோ என்று மட்டும் கேட்டேன்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். முன்பக்கங்களில் பதிகங்கள் இருக்கின்றன. நடுப்பக்கத்தில் வம்சாவளி இருக்கிறது. அவற்றையெல்லாம் தாண்டி இந்தப் பக்கத்துக்கு வந்திருக்கிறீர்கள் என்றால், மண்டபத்தில் சாப்பாடு பரிமாற இன்னும் நேரம் இருக்கிறது என்று விளங்கிக்கொள்கிறேன். இருந்து வாசியுங்கள்.

சென்ற ஆண்டு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சிட்ட மலரில் என் பங்காக நான்கு வரிகள் இருந்தன. "மலையில் ஏற்பட்ட எதிர்பாராத விபத்தில் அண்ணா எம்மை விட்டுப் பிரிந்தார்" என்பது அதில் ஒன்று. ஒன்றுகூடல்களில் ஒலிவாங்கியைக் கொடுத்தால் திருப்பித் தராதவன் என்று பெயரெடுத்த நான், அன்று நான்கு வரிகளோடு நிறுத்தியதைப் பார்த்துப் பலர் துக்கம் என்று நினைத்தீர்கள். துக்கம் இருந்தது. அதைவிடப் பயம் இருந்தது. அன்று காலை அந்த மலைக்குடிலில் அண்ணாவோடு இருந்த ஒரே ஆள் நான்தான். நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவர் இன்று உயிரோடு இருந்திருக்கக்கூடும். அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. இதைச் சொல்லாமல் அண்ணாவின் வாழ்க்கையை எழுத எனக்கு யோக்கியதை இல்லை. இந்த ஆண்டுத் திவசத்தில் சொல்லிவிடுகிறேன்.

அண்ணா வடமராட்சியில், கரவெட்டியில், எங்கள் பெற்றோரின் நான்கு பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். ஐயா தபால் கந்தோரில் எழுதுவினைஞர். ஐயாவைப் பற்றி ஒரு சம்பவத்தை இங்கே சொல்லியே ஆகவேண்டும். பதவி உயர்வுக்கான நேர்முகப் பரீட்சைக்கு அவர் யாழ்ப்பாணம் புறப்பட்ட அன்று, வாசற்படலையடியில் எதிர்ப்பட்ட ஒருவர், "எங்கை வெளிக்கிட்டாச்சு?" என்று கேட்டுவிட்டார். ஐயா திரும்பி வந்தார். கதிரையில் இருந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்தார். சகுனம் ஆறும்வரை காத்திருந்தார். சகுனம் ஆறியபோது பஸ் போய்விட்டது. பஸ்ஸோடு பதவி உயர்வும் போய்விட்டது. தன் உத்தியோகத்தைக் கெடுத்தவர் அந்தப் படலைக்காரர்தான் என்று ஐயா கடைசிவரை சொல்லிவந்தார். தண்ணீர் குடிக்காமல் ஓடியிருந்தால் பஸ்ஸைப் பிடித்திருக்கலாம் என்பதை வீட்டில் எவரும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில், வெளிக்கிடுகிற ஆளிடம் எங்கே என்று கேட்பது தூஷணம் சொல்வதற்குச் சமம். மிஞ்சினால் "தூரமோ?" என்று கேட்கலாம். "ஓம், கொஞ்சம் தூரம்" என்றோ "இல்லை, கிட்டத்தான்" என்றோ பதில் வரும். போகிறவர் "போறன்" என்று சொல்லக்கூடாது, "போட்டு வாறன்" என்றுதான் சொல்ல வேண்டும். வேறு பாடங்களில் எப்படியோ, இந்தப் பாடத்தில் நான்கு பிள்ளைகளும் அதிவிசேட சித்தி. இதை வாசிக்கும் உங்களில் பலரும் அப்படித்தான் இருப்பீர்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதியில், இளைஞனாக இருப்பதே குற்றமாகிப்போன காலத்தில், அண்ணா ஒரு துணிப்பையோடு படலையைத் திறந்தார்.

"தூரமோ ராசா?" என்றார் அம்மா.

"ஓம் அம்மா, கொஞ்சம் தூரம்."

ஐந்து மாதம் கழித்து வந்த கடிதத்தில்தான் அந்தக் கொஞ்சத் தூரத்தின் பெயர் நோர்வே என்று தெரிந்தது. ஐயா கந்தோரில் இருந்த உலக வரைபடத்தில் மேலே மேலே போய், சட்டத்தில் விரல் முட்டியபோது அதைக் கண்டுபிடித்தார்.

அண்ணா முதல் இரண்டு குளிர்காலம் வடக்குக் கரையில் மீன் வெட்டினார். விரல் நுனிகளில் உணர்வு போனதால் அந்த வேலையை விட்டுவிட்டு, உள்நாட்டு மலைப் பள்ளத்தாக்கு ஒன்றில் மர ஆலை வேலைக்குப் போனார். அந்த ஊரில் அவர் ஒருவர்தான் தமிழர். செப்டெம்பர் கடைசியானால் அந்த ஆலை நிற்கும். தபால் வராது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் இருக்கமாட்டார். எல்லோரும் எல்க் வேட்டைக்கு மலை ஏறிவிடுவார்கள். எல்க் என்பது பெயருக்குத்தான் மான். தோள் மட்டும் ஓர் ஆள் உயரம் இருக்கும். எங்கள் ஊர் மாட்டை அதன் பக்கத்தில் நிறுத்தினால் கன்று என்பீர்கள். முதல் ஆண்டு ஆலை வாசலில் தனியே நின்ற அண்ணாவை, கூட வேலை செய்த ஆர்னே என்பவர் பார்த்தார். அந்த ஊர் வேட்டைக் குழுவுக்கு அவர்தான் தலைவர். "இங்கே நின்று என்ன செய்யப்போகிறாய்? வா, இறைச்சி தூக்க ஆள் வேண்டும்" என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அண்ணா தூக்கினார். நான்காம் ஆண்டு வேட்டைப் பரீட்சையில் நோர்வேஜிய மொழியிலேயே தேறினார். கார் ஓட்டும் அனுமதி அதற்குப் பிறகுதான் கிடைத்தது.

துவக்குச் சூட்டுக்குப் பயந்து ஓடிவந்தவர் வேட்டைக்குத் துவக்கு வாங்கினார் என்று நம் ஆக்கள் கனகாலம் கதைத்தார்கள். பிற்காலத்தில் ஒருநாள், ஒஸ்லோவில் ட்வெய்ட்டா என்ற இடத்தில் இருந்த அண்ணா வீட்டில் வைத்தே ஒருவர் கேட்டார்.

"சாமியறை இருக்கிற வீட்டிலை உதென்ன வேலை, அண்ணை?"

"அங்கை துவக்கு என்னைத் தேடிக்கொண்டு வந்தது. இஞ்சை நான் அதைப் பெட்டியிலை பூட்டித் திறப்பை என்ரை பொக்கற்றுக்குள்ளை வைச்சிருக்கிறன். வித்தியாசம் விளங்குதோ?"

கேட்டவருக்கு விளங்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் எல்க் இறைச்சி ஒரு பை கிடைத்ததும் அவர் அதுபற்றிப் பிறகு கதைக்கவில்லை.

வேட்டைக் காலம் புரட்டாசியில் வரும் என்பது அண்ணாவுக்கு ஒரு தலையிடி. புரட்டாசிச் சனி அவர் விரதம். சனிக்கிழமைகளில் அவர் துவக்கைத் தொடமாட்டார், இறைச்சியைத் தொடமாட்டார், குடிலில் இருந்து விறகு பிளப்பார். அந்த ஆர்னே ஓர் அமைதியான மனுசன், எதையும் இரண்டாம் முறை கேட்காதவர். சனிக்கிழமைக்கு அதிபதியான ஒரு கிரகம் இருக்கிறது, அதைக் கோபப்படுத்தக்கூடாது என்று அண்ணா விளங்கப்படுத்தியபோது தலையாட்டினார். அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் அண்ணாவின் காவலிடத்துக்கு வேறு ஆளைப் போட்டார். இருபத்தைந்து ஆண்டு அப்படியே நடந்தது.

இடையில் அண்ணிக்கும் அண்ணாவுக்கும் திருமணம் நடந்தது, மகள் பிறந்தாள், குடும்பம் ஒஸ்லோவுக்கு இறங்கி ட்வெய்ட்டாவில் குடியேறியது. அண்ணா பஸ் சாரதியானார். என்னையும் கூப்பிட்டுவிட்டவர் அவர்தான். வந்து இறங்கிய நாளில் என் சப்பாத்தைப் பார்த்து, "உதோடை குளிர்காலம் தாண்டமாட்டாய்" என்று சொல்லித் தன் சப்பாத்தைக் கழற்றித் தந்துவிட்டுக் காலுறையோடு கார் ஓட்டி வந்தவர். மலர்களில் கொடைவள்ளல் என்று எழுதுவார்கள். என் அண்ணாவைப் பற்றி இந்தச் சப்பாத்துக் கதை போதும்.

நான் இங்கே ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்கிறேன். உப்பில்லாமல் சமைப்பதில் எனக்குப் பதினெட்டு ஆண்டு அனுபவம். ஆறு ஆண்டுகளுக்கு முன், வேட்டைக் குழுவின் சமையற்காரருக்கு முழங்கால் போய்விட்டது என்று அண்ணா என்னையும் மலைக்குக் கூட்டிப்போனார். எனக்குத் துவக்கும் பிடிக்கத் தெரியாது, பத்தடி ஏறினால் மூச்சும் வாங்கும். ஆனால் ஒரு கிழமை அடுப்படியில் நின்று, எல்க் ஈரலை மிளகாய்த்தூளில் பிரட்டி எட்டு நோர்வேக்காரரை அழவைக்க முடியும். அதுவே என் வேட்டை. மிருகம் எதுவும் என் கையால் சாகவில்லை என்று நான் பெருமையாகச் சொல்லித் திரிந்ததுண்டு.

சென்ற ஆண்டு வேட்டையின் இறுதிக் கிழமை. வெள்ளிக்கிழமை பின்னேரம் அண்ணா ஒரு பெரிய எல்க்கைச் சுட்டார். இருபத்தைந்து ஆண்டில் முதல் தடவையாக வெடி பிசகியது. மிருகம் விழவில்லை, இரத்தம் சிந்திக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது. இந்த நாட்டுச் சட்டப்படி காயப்படுத்திய மிருகத்தை அன்றும் மறுநாளும் தேடியே ஆகவேண்டும். கிடைக்காவிட்டால் நகரசபைக்கு அறிவித்துவிட்டு நிறுத்தலாம். இருட்டும்வரை தேடினார்கள். மறுநாள் சனிக்கிழமை விடிய, அண்ணா துவக்கை எடுத்துத் தோளில் போட்டார்.

"இன்று சனிக்கிழமை" என்றார் ஆர்னே.

"தெரியும்" என்றார் அண்ணா.

நாயோடு போனார்கள். வடக்கே ஒரு பெரிய சதுப்பு நிலம் வரை இரத்தத் தடம் இருந்தது. அதற்கப்பால் தடம் இல்லை. நாயும் கைவிட்டது. பின்னேரம் ஆர்னே தேடலை முடித்து, நகரசபைக்கான படிவத்தை நிரப்பினார். அன்று அந்திக்கு முன் நான் சோற்றுக்கு அரிசி கழுவிக்கொண்டு நின்றேன். அண்ணா மேசையடியில் இருந்தார். மற்றவர்கள் வெளியே துவக்குத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அது இப்ப எங்கையோ நிண்டுகொண்டிருக்கும், தம்பி. படுக்காது. படுத்தால் எழும்பேலாது எண்டு அதுக்குத் தெரியும்."

"விடுங்கோ அண்ணை. ஆர்னேயே விட்டிட்டார்."

"ஆர்னே சுடேல்லை. நான் சுட்டனான்." பிறகு சொன்னார்: "காயப்பட்டது தண்ணி தேடும். சதுப்புத் தண்ணி குடியாது. ஓடுற தண்ணி தேடும்."

"அரிசியிலையே இவ்வளவு தண்ணி நிக்குது, அதைத் தேடி வரட்டும்" என்றேன். பகிடி விட்டேன் என்று நினைப்பு. அண்ணா சிரிக்கவில்லை.

ஞாயிறு காலை மற்றவர்கள் எல்லோரும் கீழே, இறைச்சியைக் கட்டித் தொங்கவிடும் கொட்டிலுக்கு வண்டியில் போய்விட்டார்கள். குடிலில் நானும் அண்ணாவும் மட்டும். அன்று மத்தியானம் நாங்களும் இறங்குவதாக இருந்தது. தொலைபேசி வேலை செய்யாத இடம் என்பதால் குழுவினர் வோக்கி டோக்கிகளில்தான் கதைப்பார்கள். அவற்றையெல்லாம் ஏற்கெனவே பெட்டியில் போட்டுக் கட்டியிருந்தார்கள். நான் முட்டை பொரித்துக்கொண்டு நின்றேன். அண்ணா வாசற்படியில் இருந்து சப்பாத்துக் கட்டினார். பக்கத்தில் துவக்கு இருந்தது. நான் கட்டிக்கொடுத்த பாண் பொதியையும் சுடுதண்ணிப் போத்தலையும் பையில் வைத்தார்.

எங்கே என்ற சொல் என் நாக்கு வரை வந்தது. இதை எத்தனை தடவை மனதுக்குள் திருப்பிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. வந்தது, விழுங்கினேன். ஏற்கெனவே சனிக்கிழமை விரதம் முறிந்து போயிருந்தது. வெடி பிசகியிருந்தது. இதில் நான் வேறு வாசற்படியில் வைத்துச் சகுனத்தைக் கெடுக்கவேண்டுமோ என்று நினைத்தேன். இப்படித்தான் நினைத்தேன், மறைக்கவில்லை. இருபது ஆண்டு ஐரோப்பாவில் இருந்தவன், நூலகத்தில் அட்டை வைத்திருப்பவன், இங்குள்ள பத்திரிகைகளில் மூடநம்பிக்கைகளைக் கிண்டல் செய்து கட்டுரை எழுதுகிறவன் அப்படி நினைத்தேன்.

"தூரமோ?" என்று மட்டும் கேட்டேன்.

"இல்லை, கிட்டத்தான்" என்றார் அண்ணா. எழும்பித் துவக்கைத் தோளில் மாட்டினார். "போட்டு வாறன்."

"ஓம்" என்றேன். முட்டையைத் திருப்பிப் போட்டேன்.

மத்தியானம் ஆர்னேயும் மற்றவர்களும் திரும்பி வந்தார்கள். அண்ணா வரவில்லை. இரண்டு மணி, மூன்று மணி ஆனது. பனிமூட்டம் இறங்கியது. நான்கு மணிக்கு ஆர்னே அடுப்படிக்கு வந்து என் முன்னால் நின்றார்.

"எங்கே போனார்?"

"தெரியாது."

"என்ன சொல்லிவிட்டுப் போனார்?"

"கிட்டத்தான் என்றார்."

"எதற்குக் கிட்ட?"

நான் அடுப்பை அணைத்தேன்.

"நீ இங்கேதானே நின்றாய்? எங்கே போகிறாய் என்று கேட்கவில்லையா?"

"இல்லை."

ஆர்னே என்னைத் திட்டவில்லை. விளங்காத ஒரு பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். இந்த நாட்டில் நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கே சொல்லிக்கொடுப்பது, மலைக்குப் போகும்போது எங்கே போகிறாய் என்று சொல்லிவிட்டுப் போ என்பதுதான். சொல்லாமல் போகிறவனை அவர்களுக்குத் தெரியும், அவனை அவசரக்காரன் என்பார்கள். ஆனால் போகிறவனைக் கேட்காமல் விடுகிற சகோதரனை ஆர்னே அதுவரை கண்டதில்லை. ஒருவர் காரோட்டிக் கீழே போய்ப் பொலிஸை அழைத்தார்.

அண்ணா இரத்தத் தடம் தொலைந்த சதுப்புக்குத்தான் போயிருப்பார் என்று எல்லோரும் முடிவெடுத்தார்கள். எவரும் அப்படித்தான் முடிவெடுப்பார்கள். எதிர்த்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. மீட்புத் தொண்டர்கள் முப்பது நாற்பது பேர் வந்து வடக்கே போனார்கள். பனிமூட்டத்தில் ஹெலி பறக்க முடியவில்லை. அன்று இரவு பனி கொட்டியது. திங்கட்கிழமை பகல் முழுவதும் வடக்கே தேடினார்கள். நான் அவர்களுக்கு சூப் காய்ச்சினேன். எனக்குத் தெரிந்தது அதுதான்.

திங்கள் பின்னேரம் சூப்புக்காகப் பானையில் தண்ணீர் ஊற்றும்போதுதான் அண்ணா சனிக்கிழமை சொன்ன அந்தக் கதை ஞாபகம் வந்தது. ஓடுகிற தண்ணீர் தேடும். ஆர்னேயிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். ஓடுகிற தண்ணீர் வடக்கே இல்லை, மேற்கே ஓர் ஆறு இருக்கிறது, குடிலில் இருந்து ஒரு மணி நேர நடை. ஆர்னே கண்ணை மூடித் திறந்தார். "இதை நேற்றுச் சொல்லியிருந்தால்" என்று தொடங்கி, முடிக்காமல் நிறுத்தினார். அந்த வசனத்தை நான் ஒரு வருடமாக முடித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்றிரவு இருட்டிலும் பனியிலும் அந்தச் சரிவுகளில் இறங்க முடியவில்லை, செவ்வாய் விடிந்ததும் ஆற்றங்கரையில் கண்டுபிடித்தார்கள். ஆர்னே சொன்னதையே எழுதுகிறேன். கற்கள் சரிந்த ஒரு சரிவில் அண்ணாவின் இடது கால் இரண்டு பாறைகளுக்கு இடையில் போய் முறிந்திருந்தது. நாற்பதடி கீழே எல்க் கிடந்தது. அதன் கழுத்தில் ஒரே வெடி, சுத்தமான வெடி. முதலில் அதைக் கண்டுபிடித்து முடித்திருக்கிறார். திரும்பும் வழியில்தான் கால் போயிருக்கிறது. பக்கத்தில் மூன்று வெற்று ரவைக்கோதுகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. ஆபத்து என்றால் மூன்று வெடி வைக்க வேண்டும் என்பது வேட்டைக்காரர் வழக்கம். வைத்திருக்கிறார். மற்றவர்கள் வடக்கே நின்றார்கள், நான் அடுப்படியில் நின்றேன், எவருக்கும் கேட்கவில்லை.

அவர் படுத்திருக்கவில்லை. பாறையில் சாய்ந்து, குடில் இருக்கும் திசையைப் பார்த்தபடி இருந்தாராம். பாண் பொதியில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, மீதியைக் கடதாசியில் திரும்ப மடித்து உள்ளே வைத்திருந்தார். ஆள் வரும்வரை மிச்சம் வைத்திருக்கிறார்.

எப்போது உயிர் போனது என்று மருத்துவரிடம் கேட்டேன். திட்டமாகச் சொல்ல முடியாது என்றார். விடாமல் கேட்டேன். திங்கள் மத்தியானம் வரையாவது இருந்திருக்கலாம் என்றார். கேட்க வேண்டிய இடத்தில் கேட்காதவன், கேட்காமல் விட்டிருக்க வேண்டிய இடத்தில் திறமாகக் கேட்டேன்.

அந்தக் கிழமை ட்வெய்ட்டா வீட்டில் ஆக்கள் நிறைந்திருந்தபோது, அண்ணாவின் மகள் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். பதினாறு வயது. அழுது முடித்த முகம்.

"சித்தப்பா, நீங்கள் ஏன் கேட்கேல்லை?"

"எங்கடை ஆக்கள் கேட்கிறேல்லை, பிள்ளை."

"ஏன்?"

"வெளிக்கிடேக்கை கேட்டால் போற காரியம் சரிவராது எண்டு சொல்லுவினம்."

"இப்ப சரிவந்ததோ?" என்றாள். பகிடியாகக் கேட்கவில்லை. பதில் வேண்டும் என்று கேட்டாள்.

அண்ணியிடம் சொல்ல எனக்கு இரண்டு மாதம் எடுத்தது. ஒரு சனிக்கிழமை காலை, அவர் முதியோர் இல்ல வேலைக்குப் போகுமுன் சமையலறையில் வைத்துச் சொன்னேன். தூரமோ என்று கேட்டதையும், அரிசிப் பகிடியையும், மூன்று கோதுகளையும், மடித்து வைத்த பாணையும் எல்லாம் சொன்னேன். அண்ணி அடுப்பை நிறுத்தினார்.

"பதினேழு வருசம் நான் கேட்கேல்லை, தம்பி. பஸ் வேலைக்குப் போனாலும் மலைக்குப் போனாலும் கேட்கேல்லை. நீங்கள் ஒரு நாள் கேட்கேல்லை. உங்களிலை மட்டும் என்னெண்டு பிழை பிடிக்கிறது?"

இதோடு முடிந்தது என்று மனம் கொஞ்சம் ஆறத் தொடங்கியது. அப்போது அவர் கைப்பையை எடுத்தபடி சொன்னார்:

"ஆனா ஒருக்கால் கேட்டிருக்கலாம்."

அதுதான் சரியான கணிப்பு என்று நினைக்கிறேன். ஐயா பார்த்த சகுனம் அவருக்கு ஒரு பதவி உயர்வைத்தான் கெடுத்தது. என்னுடையது அண்ணியின் சமையலறையில் வந்து நின்றது. இந்த மலரில் உண்மையை எழுதட்டுமோ என்று கேட்டபோது, "பகிடியாய் எழுதினாலும் பரவாயில்லை, முழுக்க எழுதுங்கோ" என்றார். எழுதியிருக்கிறேன்.

இனி ஊர்க்கதைகளுக்கு வருகிறேன். மிருகத்தைக் கொன்ற பாவம் மலையில் வைத்து வாங்கிக்கொண்டது என்று ஒஸ்லோவின் பியோர்ண்டாலில் ஒரு பிறந்தநாள் வீட்டில் ஒருவர் சொன்னார். சொல்லும்போது அவர் கையில் ஆட்டிறைச்சி ரோல் இருந்தது. அவருக்கு நான் அன்று பதில் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். அண்ணா மிருகத்தைக் கொல்லப்போய்ச் சாகவில்லை. தான் காயப்படுத்திய ஒன்றை நோவோடு விட்டுவிட மாட்டேன் என்று போய்ச் செத்தார். சனிக்கிழமை விரதத்தை முறித்ததால் சனி பிடித்தது என்று இன்னொருவர் சொன்னார். இருபத்தைந்து ஆண்டு காத்த விரதத்தை, வலியில் நிற்கும் ஓர் உயிருக்காக ஒரு நாள் முறித்தார். அதைப் பிழை என்று எடுக்கிற கிரகம் இருந்தால், அதோடு கதைக்க எனக்கு விருப்பமில்லை. பாவம் யாருடையது என்று கணக்குப் பார்க்க வேண்டுமென்றால், முட்டை பொரித்தவரில் இருந்து தொடங்குங்கள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். இரண்டு நாள் பனியில் நடந்த, எனக்குப் பெயர் தெரியாத மீட்புத் தொண்டர்கள் முதலில் வருகிறார்கள். அவர்களில் ஒரு பெண் என் சூப்பைக் குடித்துவிட்டு, "உப்புப் போதாது" என்று சொன்னார். அந்த நாட்களில் யாரும் என்னோடு சாதாரணமாகக் கதைத்தது அந்த ஒரு தடவைதான். அதற்காக அவருக்குத் தனியாக நன்றி. அண்ணாவைத் தோளில் சுமந்து ஆற்றங்கரையில் இருந்து வண்டிவரை வந்தவர்கள் ஆர்னேயும் குழுவின் ஏழு பேரும். வேறு எவரையும் சுமக்க விடவில்லை. அந்த எட்டுப் பேரும் இறுதிக்கிரியைக்குக் கறுப்புச் சூட்டோடு ஒஸ்லோவுக்கு வந்து, எங்களைப் பார்த்துச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, மண்டபத்தின் கடைசி வரிசையில் காலுறையோடு நின்றார்கள். கதிரை கொடுத்தும் இருக்கவில்லை. இந்த ஆண்டு ஆர்னே குடில் கதவின் உட்பக்கம் ஒரு பலகை அடித்து, நூலில் பென்சில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். வெளியே போகிறவர் திசையையும் நேரத்தையும் எழுதிவிட்டுத்தான் போகலாம். சமையற்காரனும் எழுத வேண்டுமாம், விறகுக்குப் போனாலும். இந்த ஆண்டும் சமையலுக்கு என்னைக் கூப்பிட்டார். போனேன்.

முப்பத்தொரு நாளும் ட்வெய்ட்டா வீட்டில் அடுப்பு எரிய விடாமல் சாப்பாடு கொண்டுவந்து தந்த குடும்பங்களுக்கு நன்றி. அண்ணாவின் வேலை நேரங்களைத் தங்கள் நேரத்தோடு சேர்த்து ஓடிய பஸ் சாரதிகளுக்கு நன்றி. பேர்கனில் இருந்து ரயிலில் வந்து, பயணக் களையோடு பாத்திரம் கழுவிய உறவுகளுக்கு நன்றி. அந்தியேட்டியில் என் நான்கு வரிகளை வாசித்து, இன்னும் எழுது என்று வற்புறுத்தாத எல்லோருக்கும் நன்றி.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கிரியை முடிந்து சாப்பிட்டுவிட்டு நீங்கள் வெளிக்கிடும்போது நான் மண்டப வாசலில் நிற்பேன். ஒவ்வொருவரிடமும் எங்கை போறியள் என்று கேட்பேன். வயது வந்தவர்களிடமும் கேட்பேன், சம்பந்திமாரிடமும் கேட்பேன். திரும்பிப் போய்க் கதிரையில் இருந்து தண்ணீர் குடிக்க வேண்டாம், பஸ் போய்விடும். முகம் சுளிக்காமல் நின்று பதில் சொல்லிவிட்டுப் போங்கள். வீட்டுக்கு என்றால் எந்த வீட்டுக்கு, எந்த வழியால், எத்தனை மணிக்குப் போய்ச் சேருவீர்கள் என்று சொல்லுங்கள். எவ்வளவு நேரம் எடுத்தாலும் கேட்டுக்கொண்டு நிற்பேன்.

கிட்டத்தான் என்று மட்டும் சொல்லாதீர்கள்.